பிரிட்டனின் பழங்காடு ஒன்றைப் பார்க்கச் செல்வது எப்படி: வீட்டிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் உள்ள பழைய அகன்ற இலைக் காடுகளுக்குப் புதியவர்கள் பலரை அழைத்துச் சென்றிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர், தாமாகவே முதல் முறை போய்வந்த அனுபவத்தை ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் சொன்னார்கள். முற்பகல் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் தொடங்கி அங்கேயே முடியும் பாதையை வேகமாக நடந்து முடித்தார்கள். ஒரு சாம்பல் அணிலையும் இரண்டு புறாக்களையும் பார்த்துவிட்டு, காட்டில் ஒன்றுமில்லை என்று திரும்பினார்கள்.

அந்த நாள் வீணானதற்கான காரணங்களில் பாதி, அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நேர்ந்துவிட்டவை. மீதிப் பாதி, காட்டுக்குள் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை மாறியதால் நேர்ந்தவை. ஆகவே இங்கே படிகளைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே தருகிறேன். முதல் ஐந்து படிகள் புறப்படுவதற்கு முன் முடிய வேண்டியவை.

1. எந்த ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

காட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பருவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே காடு மாதத்துக்கு மாதம் வேறு காடாகிவிடுவதால், "காட்டு விலங்குகளைப் பார்க்க வேண்டும்" என்ற பொதுவான ஆசை எந்த நாளுக்கும் பொருந்துவதில்லை.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மரங்கள் இலையின்றி நிற்கின்றன; மரங்கொத்தியைக் கண்ணால் பின்தொடர இதைவிட நல்ல காலம் இல்லை. ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை தரையில் பூக்களும் மேலே பறவைப் பாட்டும் சேர்ந்து வருகின்றன. ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் பறவைகள் அடங்கிவிட, வெயில் விழும் அகன்ற பாதைகளில் வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன. அக்டோபரில் ஃபாலோ மான்களின் இணைசேர் காலமும் காளான்களும் ஒன்றாக அமைகின்றன. குளிர்காலம் மரங்களின் வடிவத்தையும் காட்டின் பழைய எல்லை மண்மேடுகளையும் படிப்பதற்கு உகந்தது. இதைப் பலரும் தவறவிடுகிறார்கள்.

நான் அடிக்கடி பார்த்த தவறு, ஜூன் மாதத்தில் புளூபெல் என்னும் நீல மணிப்பூக்களைத் தேடிப் போவது. மேலே இலைகள் விரிந்து வெளிச்சத்தை மறைக்கும் முன் தன் ஆண்டு வேலையை முடித்துக்கொள்ளும் செடி அது. மே நடுவில் ஓக், பீச் மரங்களின் கவிகை மூடியதும் தரை இருண்டுவிடுகிறது. ஜூனில் அங்கே சாய்ந்து மஞ்சளிக்கும் இலைகளும் விதைக்காய்களுமே மிஞ்சியிருக்கும். இந்த ஒரு காரணத்தைப் புரிந்துகொண்டால் காட்டின் வசந்த காலப் பூக்கள் அனைத்தின் கால அட்டவணையும் புரிந்துவிடும்.

ஒரு வருகைக்கு ஒரே ஒரு குறிக்கோள் போதும். மற்றவை தாமாக வந்தால் அவை கூடுதல் வரவு.

2. அந்தக் காடு உண்மையிலேயே பழையதா என்று வரைபடத்தில் பாருங்கள்

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1600-ஆம் ஆண்டு முதலாவது தொடர்ந்து காடாக இருந்துவரும் நிலத்தைப் பழங்காடு என்கிறார்கள். ஸ்காட்லாந்தில் அந்த எல்லை 1750. ஐக்கிய இராச்சியத்தின் நிலப்பரப்பில் இத்தகைய காடு ஏறத்தாழ இரண்டரை விழுக்காடுதான். நிற்கும் மரங்கள் அத்தனை வயதானவையாக இருக்க வேண்டியதில்லை. உழப்படாத மண்ணும், அதில் உள்ள பூஞ்சை இழைகளும், மெதுவாகப் பரவும் செடிகளும்தான் பழையவை. பெரிய மரங்கள் இருப்பதால் மட்டும் ஒரு பூங்கா பழங்காடாகிவிடாது என்பதற்கும், ஒல்லியான தண்டுகள் மட்டுமே நிற்கும் ஓர் இடம் மிகப் பழைய காடாக இருக்கலாம் என்பதற்கும் இதுவே காரணம்.

இங்கிலாந்தில் நேச்சுரல் இங்கிலாந்து அமைப்பு பழங்காடுகளின் பட்டியலைப் பராமரிக்கிறது. 'மேஜிக்' என்ற அரசு வரைபடத் தளத்தில் அதைத் திறந்து பார்க்கலாம். அந்தப் பட்டியலில் இரண்டு வகைகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, இயல்பான அகன்ற இலை மரங்கள் நிற்பது. மற்றொன்று, பழங்காட்டு நிலத்தில் பிற்காலத்தில் நடப்பட்ட தோட்டம். இவற்றில் பல ஊசியிலை மரங்களால் ஆனவை. முதல் வருகைக்கு முதல் வகையையே தேர்ந்தெடுங்கள்.

பிறகு ஸ்காட்லாந்தின் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனம்) வரைபடங்களில் அதே இடத்தைத் தேடுங்கள். அவை இங்கிலாந்தையும் வேல்சையும்கூட உள்ளடக்கியவை. காட்டின் எல்லைக்கோடு அன்றும் இன்றும் ஒரே மாதிரி வளைந்து நெளிந்து சென்றால் அது நல்ல அறிகுறி. நேர்க்கோடுகளால் ஆன எல்லை பெரும்பாலும் பிற்காலத்தில் நட்ட காட்டைக் காட்டும். இந்த அரை மணி நேர வேலையைச் செய்துவிட்டுப் போனால், எல்லையின் எந்தப் பகுதியில் பழைய மண்மேட்டைத் தேட வேண்டும் என்பதும் முன்பே தெரிந்துவிடும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்குச் சில இடங்களைச் சொல்கிறேன். சஃபோக்கில் உள்ள பிராட்ஃபீல்டு காடு, 1252 முதல் தொடர்ந்து, மரத்தைத் தரைமட்டத்தில் வெட்டி மீண்டும் தழையவிடும் அடிவெட்டு முறையில் பராமரிக்கப்பட்டு வருவதாகப் பதிவு பெற்றது. லண்டனுக்கு அருகில் எப்பிங் காட்டில், மேய்ச்சல் விலங்குகளுக்கு எட்டாத உயரத்தில் தலைவெட்டப்பட்ட ஹார்ன்பீம், பீச் மரங்களைப் பார்க்கலாம். கென்ட் மாவட்டத்தின் பிளீன் காடு நைட்டிங்கேல் பாட்டுக்குப் பெயர்பெற்றது. கேம்பிரிட்ஜ் பகுதியில் ஹேலி காடு, ஆக்ஸ்லிப் என்ற வெளிர்மஞ்சள் பூவுக்கு உரியது. டார்ட்மூரில் உள்ள விஸ்ட்மன்ஸ் காட்டை முதல் வருகைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பாசி படர்ந்த குட்டை ஓக் மரங்கள் நிற்கும் அந்தச் சிறு காடு மிதிபட்டுத் தேய்ந்ததால், உள்ளே நுழையாமல் விளிம்பிலிருந்தே பார்க்கும்படி வருபவர்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.

3. உள்ளே நடக்க உரிமை உண்டா என்று உறுதி செய்யுங்கள்

வேலி இல்லாத காடு எல்லோருக்கும் உரியது என்று நினைப்பது புதியவர்களின் இயல்பான தவறு. இங்கிலாந்திலும் வேல்சிலும் பல காடுகள் தனியாருக்குச் சொந்தமானவை; அவற்றில் பொதுவழியாகப் பதிவான பாதையில் நடக்க மட்டுமே உரிமை உண்டு. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் இந்தப் பாதைகள் பச்சைக் கோடுகளாக இருக்கும். கறுப்புக் கோடாகக் காட்டப்பட்ட தடம் நிலத்தில் இருக்கிறது என்பதற்குத்தான் சான்று. அதில் நடக்க உரிமை உண்டு என்பதற்கு அன்று.

1972-இல் தொடங்கப்பட்ட வுட்லேண்ட் டிரஸ்ட், அந்தந்த மாவட்டத்தின் வைல்டுலைஃப் டிரஸ்ட், நேஷனல் டிரஸ்ட், ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து ஆகியோரின் காடுகளில் பெரும்பாலும் தடையின்றி நடக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வைதம் காடு போன்ற ஆய்வுக் காடுகளுக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலங்களில் நடக்கும் உரிமையைத் தருகிறது.

நாயை அழைத்துச் செல்வதாக இருந்தால், இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டப்படி எல்லோரும் நடக்கத் திறந்துவிடப்பட்ட 'திறந்த அணுகல்' நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அதைக் குட்டையான வாரில் பிடித்திருப்பது சட்டப்படி கட்டாயம். காட்டு உயிர்களைப் பார்ப்பதே நோக்கமென்றால் நாயை வீட்டில் விட்டுச் செல்வதுதான் சரி.

புறப்படுவதற்கு முந்தைய நாள் அந்தக் காட்டின் இணையப் பக்கத்தை ஒரு முறை பாருங்கள். மரம் வெட்டும் வேலை, மான் சுடும் நாட்கள், குளிர்காலச் சேற்றால் மூடப்பட்ட பாதைகள் ஆகியவை அங்கே அறிவிக்கப்பட்டிருக்கும்.

4. உடையையும் பொருட்களையும் தயார் செய்யுங்கள்

முதலில் காலணி. முந்தைய நடையின் மண் ஒட்டியிருந்தால் அதைத் துலக்கிக் கழுவி உலர்த்துங்கள். இங்குள்ள மரங்களைக் கொல்லும் சில நோய்கள் மண்ணோடும் இலைத்துகளோடும் இடம் மாறுகின்றன; லார்ச் மரங்களை அழித்த ஃபைட்டோஃப்தோரா ராமோரம் அவற்றில் ஒன்று. உங்கள் காலணியின் அடிப்பள்ளத்தில் ஒட்டிய சேறு நூறு மைல் தள்ளி இன்னொரு காட்டைச் சென்றடையக்கூடும் என்பதால், இந்தப் படியை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

அடுத்து உண்ணி. மான்கள் உலவும் காடுகளில் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை உண்ணிகள் சுறுசுறுப்பாக இருக்கும். அவற்றில் சில லைம் நோயைப் பரப்புகின்றன. வெயில் நாளிலும் முழுக்கால் சட்டை அணிந்து, அதன் ஓரத்தைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வெளிர் நிறத் துணி என்றால் ஏறிவரும் உண்ணி கண்ணில் படும். நுனி கூரான சாமணம் ஒன்று பையில் இருக்கட்டும்.

மேலாடையில் நிறத்தைவிட ஓசை முக்கியம். சரசரக்கும் மழைச்சட்டையை அணிந்தவர், தம் ஓசையைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. கம்பளி அல்லது பருத்தி மேலாடையை அணியுங்கள். மழைச்சட்டையைப் பையில் வைத்திருங்கள்.

பைனாகுலர் 8 மடங்கு உருப்பெருக்கம் கொண்டதாக இருக்கட்டும். உருப்பெருக்கம் கூடக்கூடப் பார்வைப் பரப்பு சுருங்கிக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். கிளைகளுக்கு நடுவே பறவையைத் தேடும்போது இது பெரிய இடைஞ்சல். பாசியையும் பூஞ்சையையும் பார்க்க 10 மடங்கு கைலென்சு ஒன்று இருந்தால் மழை நாளும் வீணாகாது. உட்காருவதற்கு ஒரு சிறு பஞ்சுப்பாய் கட்டாயம் வேண்டும். ஏன் என்பது ஒன்பதாம் படியில் தெரியும்.

காட்டுக்குள் கைப்பேசி இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். வரைபடத்தின் அச்சுப்பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்தின் கட்ட எண்ணை, அதாவது வரைபடக் கட்டங்களைக் கொண்டு இடத்தைக் குறிக்கும் எண்ணை, சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். ஆறு இலக்க எண் நூறு மீட்டர் சதுரத்தைக் குறிக்கும். மீட்புக் குழுவுக்கு அது பேருதவி. குரல் அழைப்பு போகாத இடத்திலும் சில வேளைகளில் குறுஞ்செய்தி போய்ச் சேரும். 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை அவசர உதவி எண்ணான 999-க்குக் குறுஞ்செய்தியாக வீட்டிலிருந்தே அனுப்பிப் பதிவு செய்துகொண்டால்தான் அவசரத்தில் அந்த வழி பயன்படும்.

5. நேரத்தையும் காற்றையும் கணக்கிடுங்கள்

மே மாதத் தொடக்கத்தில் தென்னிங்கிலாந்தில் சூரியன் காலை ஐந்தரை மணியளவில் உதிக்கிறது. பறவைகள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாடத் தொடங்கிவிடுகின்றன. அந்தப் பாட்டுக்காகப் போகிறவர்கள் நாலே கால் மணிக்குக் காட்டின் வாயிலில் நிற்க வேண்டும். ஏழு மணிக்கு வந்து சேர்ந்தால், உச்சம் கடந்த பிறகு வந்து சேர்ந்திருக்கிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் விடியல் தேவை என்று எண்ண வேண்டாம். வண்ணத்துப்பூச்சிக்கு வெயில் ஏற வேண்டும். பர்ப்பிள் எம்பரர் என்னும் பெரிய வண்ணத்துப்பூச்சி ஓக் மரங்களின் உச்சியில் வாழ்வது. அதன் ஆண், ஜூலை மாத முற்பகலில் ஈரப் பாதைக்கும் விலங்குச் சாணத்துக்கும் இறங்கி உப்புச்சத்தை உறிஞ்சுகிறது. அந்த ஓரிரு மணி நேரத்தைத் தவறவிட்டால் கழுத்தை நிமிர்த்தி உச்சிக்கிளையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பலத்த காற்று அடிக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். காற்றில் இலைகளின் ஓசை மற்ற ஒலிகள் அனைத்தையும் விழுங்கிவிடும் என்பது சிறிய காரணம். கிளை முறிவது பெரிய காரணம். 2012-இல் பிரிட்டனில் உறுதிசெய்யப்பட்ட ஆஷ் மரக் கருகல் நோயால் இறந்து நிற்கும் மரங்கள் மிகவும் நொறுங்கும் தன்மை கொண்டவை. காற்றில்லாத நாளிலும் கிளையை உதிர்க்கும். இறந்த ஆஷ் மரத்தின் கீழ் நிற்பதையும் உட்காருவதையும் எந்த நாளிலும் தவிருங்கள்.

6. வாயிலில் பத்து நிமிடம் நின்று கேளுங்கள்

காட்டு வாயிலைத் தாண்டியதும் இருபது அடியில் நின்றுவிடுங்கள். வண்டிக் கதவு சாத்தப்பட்ட ஓசையும் உங்கள் பேச்சும் ஏற்படுத்திய கலக்கம் அடங்கக் காட்டுக்கு நேரம் வேண்டும். நகரத்து இரைச்சலில் ஒடுங்கிப்போன செவிக்கும் அதே அவகாசம் தேவைப்படுகிறது.

இலை விரிந்த காட்டில் பத்தில் ஒன்பது பறவைகளைக் காதுதான் முதலில் காண்கிறது என்பது என் அனுபவம். ஆனால் முதல் நாளே முப்பது குரல்களைக் கைப்பேசிச் செயலியின் உதவியோடு கற்க முயல்பவர்கள் எதையும் கற்பதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே நேரம் போய்விடுகிறது. மூன்று ஒலிகளோடு தொடங்குங்கள். சிஃப்சாஃப் தன் பெயரையே இரண்டு சுருதிகளில் மாற்றி மாற்றிச் சொல்லும். ரென் என்னும் சின்னஞ்சிறு பறவை, தன் உடலுக்குப் பொருந்தாத உரத்த குரலில் நடுவே ஒரு நீண்ட நடுங்கலோடு பாடும். பெரும்புள்ளி மரங்கொத்தி மரத்தில் அறையும் முழக்கம் ஒரு நொடிக்கும் குறைவாக ஒலித்துச் சட்டென்று அடங்கும்.

இந்த மூன்றையும் பிரித்தறிந்த பின் நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கரும்பறவையின் எச்சரிக்கை ஒலி. 'சிங்க், சிங்க்' என்று ஓயாமல் ஒரே இடத்தில் அது கத்தினால், சிறு பறவைகளும் அதனோடு சேர்ந்துகொண்டால், அங்கே ஒரு டானி ஆந்தை பகலுறக்கத்தில் அமர்ந்திருக்க வாய்ப்புண்டு. நான் பகலில் பார்த்த ஆந்தைகளில் பலவற்றை இப்படித்தான் பார்த்தேன்.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க முயலாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டதென்று நம்பி அது உணவையும் கூட்டையும் விட்டு அலைகிறது.

7. தரையைப் படியுங்கள்

கேட்டு முடித்த பிறகு கீழே பாருங்கள், மேலே அல்ல. பழங்காட்டின் வயதைத் தரைச்செடிகள் சொல்கின்றன. வுட் அனிமோன் என்னும் வெண்ணிறப் பூச்செடி வேர்த்தண்டின் மூலம் நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ ஆறு அடி மட்டுமே பரவுவதாகக் கணக்கிடுகிறார்கள். அறை அகலத்துக்கு விரிந்து பூத்திருக்கும் ஒரு திட்டைக் கண்டால், அந்த மண் எவ்வளவு காலம் கலைக்கப்படாமல் கிடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். காட்டுப்பூண்டு, டாக்ஸ் மெர்க்குரி, மஞ்சள் ஆர்க்கேஞ்சல், ஹெர்ப் பாரிஸ் ஆகியவையும் இத்தகைய அடையாளச் செடிகள். ஒரு செடியை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்; ஒரே இடத்தில் பல அடையாளச் செடிகள் சேர்ந்திருந்தால் சான்று வலுப்பெறும்.

புளூபெல்லில் உள்நாட்டு வகையைத் தோட்டத்திலிருந்து தப்பிவந்த ஸ்பானிய வகையிலிருந்து பிரித்தறியப் பழகுங்கள். உள்நாட்டுச் செடியின் தண்டு ஒரு பக்கமாகத் தலை சாயும், பூக்கள் அந்தப் பக்கத்தில் தொங்கும், மகரந்தம் பாலாடை நிறத்தில் இருக்கும், நறுமணம் உண்டு. ஸ்பானியத் தண்டு நிமிர்ந்து நிற்கும், பூக்கள் எல்லாப் பக்கமும் இருக்கும், மகரந்தம் நீலம்.

இந்தப் படியில்தான் மிகப் பெரிய சேதம் நேர்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒளிப்படத்துக்காகப் பூக்களின் நடுவே ஒருவர் பத்தடி உள்ளே போய் நிற்கிறார். பூவை மிதித்தால் அந்த ஆண்டுப் பூ மட்டுமே போகும் என்று அவர் நினைக்கிறார். நசுங்குவது இலை, கவிகை மூடும் முன் கிடைக்கும் சில வார வெளிச்சத்தில்தான் அந்த இலை அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேமிக்க வேண்டும். அது முடியாமல் போனால் கிழங்கு மெலிகிறது. விதையிலிருந்து பூக்கும் பருவத்தை எட்டவே இந்தச் செடிக்கு ஐந்து ஆண்டுகள் அளவில் ஆகும். முதலில் போனவர் உண்டாக்கிய தடத்தைப் பார்த்து, அது பாதை என்று நம்பி அடுத்தவர் போகிறார். இரண்டு வாரங்களில் அங்கே வெறும் மண் தெரிகிறது. பாதையில் நின்று, தாழக் குனிந்து, பைனாகுலரிலோ நீண்ட லென்சிலோ பாருங்கள். தாழ்வான கோணத்தில் பூக்கள் அடர்ந்து தெரிவதால் படமும் நன்றாக அமையும்.

பாதையில் சேறு இருந்தால் சேற்றின் நடுவிலேயே நடங்கள். சேற்றைத் தவிர்த்து ஓரமாக நடப்பவர்களால் பாதை ஆண்டுதோறும் அகன்று, களிமண் இறுகி, வேர்களுக்குக் காற்று போகாமலாகிறது. நீர் புகாத காலணியை அணிந்துவரச் சொல்வது இதற்காகத்தான்.

நிலத்துக்கு உரியவரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981-ஆம் ஆண்டின் காட்டுயிர், நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். காளான்களைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உயிரைப் பறிக்கும் டெத் கேப் காளான் இந்தக் காடுகளில் ஓக், பீச் மரங்களின் அடியில்தான் முளைக்கிறது. இளம் பருவத்தில் அதை உண்ணத்தக்க வகையாக எண்ணி ஏமாறுவது எளிது.

8. மரங்களையும் மண்மேட்டையும் பாருங்கள்

ஒரே அடியிலிருந்து பத்துப் பதினைந்து தண்டுகள் விசிறிபோல் எழுந்தால் அது அடிவெட்டு மரம். ஹேசலைத் தரைமட்டத்தில் ஏழு முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை வெட்டினால் மீண்டும் தழைக்கும். தண்டு இளையதாக இருக்கும், அடி மட்டும் அகன்றுகொண்டே போகும். ஆகவே தண்டின் பருமனைப் பார்த்து வயதை மதிப்பிடாமல் அடியின் அகலத்தைப் பாருங்கள். மேய்ச்சல் விலங்குகளுக்கு எட்டாத உயரத்தில் வெட்டப்பட்டு, அங்கிருந்து கிளைத்திருந்தால் அது தலைவெட்டு மரம்.

புதிதாக வெட்டப்பட்ட பகுதியைக் கண்டு மனம் வருந்துபவர்கள் பலர். காடு அழிக்கப்படுகிறது என்று ஒருவர் என்னிடம் கண் கலங்கியிருக்கிறார். வெட்டிய பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளில் வெளிச்சம் பட்டுப் பூக்கள் பெருகுவதும், பின்னர் அடர்ந்த புதரில் நைட்டிங்கேல் கூடு வைப்பதும் அந்த வெட்டினால்தான்.

ஓக் மரத்தின் வயதை ஓரளவு கணிக்க, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் சுற்றளவை அளந்து பாருங்கள். திறந்த வெளியில் நிற்கும் மரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் சுற்றளவு கூடுகிறது என்பதும், நெருக்கமான காட்டில் அதில் பாதி என்பதும் பரவலாகப் பயன்படுத்தப்படும் கணக்கு. மிக முதிய மரங்களில் வளர்ச்சி தளர்ந்துவிடுவதால் அங்கே இது வயதைக் குறைத்தே காட்டும். வேருக்குப் பக்கத்தில் சுற்றி நடப்பதுகூட முதிய மரத்துக்குத் தீங்கு. ஒரு முறை அளந்தால் போதும்.

காட்டின் விளிம்பில், வரைபடத்தில் குறித்துவைத்த வளைவில், அகன்று தேய்ந்த மண்மேட்டையும் அதன் வெளிப்புறத்தில் ஒரு பள்ளத்தையும் தேடுங்கள். கால்நடைகள் உள்ளே வராதிருக்க எழுப்பிய எல்லை அது. விழுந்து கிடக்கும் மரக்கட்டைகளைப் புரட்டவோ அடுக்கவோ வேண்டாம். வண்டுப் புழுக்களுக்கும் பூஞ்சைக்கும் அந்த ஈரமே வீடு.

9. உட்காருங்கள்

முந்தைய படிகள் எல்லாம் இதற்கான ஆயத்தமே. நடக்கும் மனிதனிடமிருந்து காடு விலகிக்கொண்டே இருக்கிறது; அசையாத மனிதனைச் சற்று நேரத்தில் மறந்துவிடுகிறது. இரண்டு பாதைகள் சந்திக்கும் இடமோ, அடிவெட்டுப் பகுதியும் பெரிய மரங்களும் சேரும் விளிம்போ நல்ல இருக்கை. காற்று உங்கள் முகத்தில் படும்படியும், ஒரு பருத்த மரம் உங்கள் முதுகை மறைக்கும்படியும் அமருங்கள். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் உங்கள் தலை அசைவது தொலைவிலேயே தெரியும்.

குறைந்தது நாற்பது நிமிடம் உட்கார வேண்டும். முதல் பதினைந்து நிமிடங்களில் ஒன்றும் நடக்காது. பெரும்பாலோர் பதினான்காவது நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். ஈரமும் குளிரும் மேலேறுவதுதான் அவர்களை எழுப்புகிறது. பஞ்சுப்பாயைக் கட்டாயமாக்கியது அதனால்தான்.

ஒரே புள்ளியை உற்றுப் பார்க்காதீர்கள். பார்வையைத் தளர்த்தி முன்னாலுள்ள வெளி முழுவதையும் ஒன்றாகப் பாருங்கள்; அசைவு எங்கே நிகழ்ந்தாலும் கண்ணின் ஓரம் அதைப் பிடித்துவிடும். பிறகு கண்ணை எடுக்காமல் பைனாகுலரை மெதுவாக உயர்த்துங்கள். பைனாகுலர் வழியாகவே பறவையைத் தேடத் தொடங்குவது, நான் ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டியிருக்கும் தவறு.

இப்போது நுணுக்கங்கள் தெரியத் தொடங்கும். மரத்தண்டில் எலிபோல் ஊர்ந்து மேலே மட்டும் சுற்றிச் சுற்றி ஏறி, பின் பறந்து அடுத்த மரத்தின் அடியில் இறங்கும் பழுப்புப் பறவை டிரீகிரீப்பர். அதே தண்டில் தலைகீழாகவும் இறங்கி வந்தால் அது நட்ஹாட்ச். நாய்க்குரைப்பு போன்ற ஒற்றை ஒலி சீரான இடைவெளியில் நெடுநேரம் தொடர்ந்தால் அது மன்ட்ஜாக். நம் மலைக்காடுகளின் கேளையாட்டுக்கு நெருங்கிய உறவான, சீனத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சிறு மான்.

மான் உங்களைக் கண்டு தலை உயர்த்தினால் கண்ணோடு கண் பார்ப்பதைத் தவிருங்கள். அசையாமல் இருந்தால் பெரும்பாலும் மேய்ச்சலுக்குத் திரும்பிவிடும். நீங்களாக நெருங்க வேண்டாம். குறைந்தது ஐம்பது மீட்டர் இடைவெளி இருக்கட்டும். அக்டோபரில் ஆண் மான்கள் முரட்டுத்தனமாக இருக்கும் என்பதால் இன்னும் தள்ளி நில்லுங்கள்.

10. திரும்பும் வழியில் தடயங்களைத் தேடுங்கள்

ஹேசல் டார்மவுஸ் என்னும் சிறு கொறிவிலங்கை வெறும் வருகையாளர் பார்ப்பது மிக அரிது; ஆண்டின் பாதிக்கும் மேல் உறக்கத்தில் கழிக்கும் உயிர் அது; உரிமம் இன்றி அதைத் தொந்தரவு செய்வது குற்றம். ஆனால் இலையுதிர் காலத்தில் ஹேசல் மரங்களின் அடியில் கிடக்கும் கொட்டை ஓடுகளைக் கைலென்சில் பார்த்தால் அது அங்கே வாழ்கிறதா என்று அறியலாம். துளையின் உள்விளிம்பு வழவழப்பாகவும், ஓட்டின் மேற்பரப்பில் சாய்ந்த பற்குறிகளோடும் இருந்தால் டார்மவுஸ். உள்விளிம்பில் குறுக்காகப் பற்கோடுகள் இருந்தால் காட்டெலி. ஓடு இரண்டாகப் பிளந்திருந்தால் அணில்.

படுத்த ஆங்கில 'D' எழுத்தின் வடிவில், உயரத்தைவிட அகலம் மிகுந்த வாயும், வெளியே தள்ளிய மண்குவியலும் காய்ந்த புல்லும் இருந்தால் அது மண்ணைத் தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கின் வளை. மே முதல் ஜூலை வரை அவை இருட்டும் முன்பே வெளியே வருவதுண்டு. பார்க்க விரும்பினால், நில உரிமையாளரின் அனுமதியோடு, சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பு, காற்று வளையிலிருந்து உங்களை நோக்கி வீசும் பக்கத்தில், பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி அமருங்கள். பேட்ஜரின் மோப்பம் மிகக் கூர்மையானது; காற்றுத் திசையில் தவறினால் அன்று மாலை எதுவும் வெளியே வராது. வளையைக் குலைப்பதும் அடைப்பதும் 1992-ஆம் ஆண்டின் பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

11. வீடு திரும்பியதும் செய்ய வேண்டியவை

முதலில் உண்ணிகளைத் தேடுங்கள். முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், இடுப்புப் பட்டை படும் இடம், குழந்தைகளுக்குத் தலையும் கழுத்தும். கடித்துக்கொண்டிருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவதும் நெருப்பால் சுடுவதும் தவறு. உண்ணி உடலில் இருக்கும் நேரம் நீளும். அடுத்த சில வாரங்களில், சில வேளை மூன்று மாதங்கள் வரை, வட்டமாகப் பரவும் செந்தழும்போ சளிக்காய்ச்சல் போன்ற உடல்நோவோ வந்தால் மருத்துவரிடம் காட்டி, காட்டுக்குப் போன தேதியையும் சொல்லுங்கள்.

அடுத்துக் காலணியைக் கழுவுங்கள். அன்று இரவே குறிப்பையும் எழுதிவிடுங்கள்: தேதி, வானிலை, உட்கார்ந்த இடத்தின் கட்ட எண், கேட்டதும் கண்டதும். அடுத்த மாதம் அதே இடத்தில் அதே நேரத்தில் உட்கார இந்தக் குறிப்பு தேவைப்படும். ஐந்து காடுகளை ஒரு முறை பார்ப்பதைவிட ஒரே காட்டை ஐந்து முறை பார்ப்பவர் மிக விரைவாகக் கற்கிறார்.

உறுதியாக அடையாளம் கண்டவற்றை 'ஐரெக்கார்டு' என்ற உயிரினப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்யலாம். அந்தப் பதிவுகளை வல்லுநர்கள் சரிபார்க்கிறார்கள். ஆனால் பேட்ஜர் வளை, அரிய பறவையின் கூடு, அரிய ஆர்க்கிட் ஆகியவற்றின் துல்லியமான இடத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிட வேண்டாம். நாய்களை ஏவிப் பேட்ஜரைக் கொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கைப்பேசியில் எடுத்த படத்திலேயே இடக்குறிப்பு பதிந்திருக்கலாம் என்பதால், படத்தை மற்றவர்களுக்கு அனுப்பும் முன் அதை நீக்கிவிடுங்கள்.